மொரிஸ் மைனரின் வலது சேசிக் கால்: நாலு மாத வேலை

கதவில்தான் தொடங்கியது. வலது முன் கதவைச் சாத்தினால் அடியில் ஏதோ நொறுங்குவது போல ஒரு சத்தம். கூடவே ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுத்தது, வலது முன் ரயர் உட்பக்கமாகத் தேய்ந்தது. கார் 1958 மொரிஸ் மைனர், 948 சிசி. இரண்டு வருடத்துக்கு முன் வவுனியாவில் வாங்கினேன். முந்தி மல்லாவிப் பக்கம் வாடகைக்கு ஓடியதாக விற்றவர் சொன்னார். பரந்தனில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டு அதற்குள் விட்டிருக்கிறேன்.

மைனரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒஸ்ரின் ஏ40 சோமசெட் மாதிரி இதற்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது. காரின் உடலேதான் சேசி. முன்பக்கம் மட்டும் பெட்டி வடிவில் இரண்டு கால்கள் எஞ்சினுக்கு இரு பக்கமும் வந்து, தரைத் தகட்டுக்குக் கீழால் பின்னுக்குப் போய்க் குறுக்குச் சட்டத்தில் சேரும். முன் சில்லுகளுக்குச் சுருள் வில்லும் இல்லை. காலை ஒட்டி ஓடும் நீளமான டோர்ஷன் பார்கள்தான் முறுகி முறுகிப் பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றின் பின் நுனி அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் கால் உக்கினால் அது வெறும் தகட்டுப் பிரச்சினை இல்லை, சில்லே இடம் மாறிவிடும்.

ஏன் வலது கால்? பிறேக் மாஸ்ரர் சிலிண்டரை (மிதித்தால் பிறேக் ஒயிலைத் தள்ளும் பாகம்) ஓட்டுநரின் காலடியில், சேசிக் காலுக்கு உள்ளேயே வைத்திருக்கிறார்கள். இடத்தை மிச்சம் பிடித்த மூளையைப் பாராட்டலாம், கழற்றுபவன் பாராட்ட மாட்டான். அதன் போல்ற்றை உருவ டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். சிலிண்டர் கசிந்தால் பிறேக் ஒயில் பெட்டிக்குள் வடிந்து பெயின்ற்றை உரித்துவிடும். அப்புறம் நம் கிறவல் வீதிச் சேறு உள்ளே போய்த் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்கும். ஒரு மாரி போதும். இது எத்தனை மாரி கண்டதோ!

சுத்தியலால் தட்டினேன். முதலில் தார் கொட்டியது. தாருக்குக் கீழே ஒரு தகடு, அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டும் கறளுக்கு மேலேயே வைத்து ஒட்டியவை. மூன்றாவது தகடு வேறு மாதிரி இருந்தது. இலேசான வளைவு, உட்பக்கம் நீலப் பெயின்ற், பாதி அழிந்த வெள்ளை எழுத்து. எண்ணெய்ப் பரல் ஒன்றை வெட்டி அடித்த தகடு! 90களில் பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு எல்லாம் வன்னிக்குத் தடை. கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய காலம். அந்த நாளில் யாரோ ஒருவர் பரல் தகட்டை எடுத்து, விளிம்பு பிசகாமல், நல்ல இரும்பு கிடைக்கிற இடம் வரை கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார். மேலே இருந்த இரண்டும் பிறகு வசதி வந்த காலத்து வேலை என்று நினைக்கிறேன். மூன்றிலும் உருப்படியானது பரல்காரரின் வேலைதான். அந்தத் துண்டை எறிய மனமில்லாமல் கொட்டில் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறேன்.

இனி என் மடத்தனம். அமெரிக்காவில் ஹொட் ரொட் (பழைய கார்களை வெட்டி வேகத்துக்கு மாற்றியவை) கட்டுகிறவர்களின் வீடியோக்களை நிறையப் பார்த்திருந்தேன். 1932 ஃபோர்டின் சேசி ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவம். அந்தத் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவார்கள். பார்க்க லேசாக இருக்கும். அவர்களுக்குச் சேசி தனியாகக் கழன்று மேசையில் இறுக்கிக் கிடக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. என்னுடையதில் முழுக் காரும் அதே காலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கிறைண்டரை எடுத்து வெளிப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரு முழ நீளத்துக்கு வெட்டிவிட்டேன். அளக்கவில்லை, முட்டுக் கொடுக்கவில்லை. விடிய வந்து பார்த்தால் கதவு திறக்க மறுத்தது. மேலே இருந்த இடைவெளி முழுதும் காணாமல் போயிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தா. "இந்தக் காசுக்கு ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

ஒரு கிழமை காரைத் தொடவில்லை. ஏ9 வீதியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, ஒட்டுறது கடைசி வேலை. முதல்ல இதை நேராக்கு" என்றார். கதவைக் கழற்றி, வாசலில் மூலைக்கு மூலை ஆங்கிள் இரும்பு வைத்து ஒட்டிப் பூட்டினோம். நாலு பாலைக் குத்திகளின் மேல் காரை ஏற்றி, ரியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தோம். மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டை இரண்டு பக்க ஐபோல்ற்றின் (சில்லைப் பிடிக்கும் கீழ்க் கையைச் சேசிக் காலில் பூட்டும் வளையப் போல்ற்) நடுவிலிருந்தும், குறுக்குச் சட்டத்தின் இரு முனையிலிருந்தும் தொங்கவிட்டு, சீமெந்து நிலத்தில் சோக்கால் நாலு புள்ளி வைத்தோம். பக்கத்து வீட்டுப் பெடியன் ரேப்பைப் பிடித்தான். மூலைக்கு மூலை அளந்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். 11 மில்லிமீற்றர் வித்தியாசம்.

அதைச் சரியாக்க மூன்று நாள். ஜக்கை அரைச் சுற்றுத் திருப்புவது, அளப்பது, திரும்ப அரைச் சுற்று. 11 எட்டானது, எட்டு ஐந்தானது, பிறகு ஓர் இரவு முழுதும் ஐந்திலேயே நின்றது. மறுபக்கம் பழைய ஒட்டு ஒன்று இறுகிப் பிடித்திருந்தது. அதை அறுத்ததும் 'டக்' என்று இரண்டுக்கு இறங்கியது. இரண்டோடு விட்டேன். அந்த நாளில் கம்பனியிலிருந்து வந்தபோதே அவ்வளவு துல்லியமாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

டோர்ஷன் பாரை இதற்கு முன்பே கழற்றியிருந்தேன். செய்ய நினைப்பவர்கள் கவனம்: கீழ்க் கைக்கு அடியில் ஜக் வைத்துப் பாரத்தை மெல்ல இறக்காமல் கழற்றினால் அது கையை முறித்துவிடும். இடது வலது என்று குறி போட்டு வையுங்கள். இத்தனை வருடம் ஒரே பக்கம் முறுகிப் பழகிய இரும்பு, மாற்றிப் போட்டால் உடையக்கூடும்.

ஒட்டு வேலை சுருக்கமாகச் சொல்லலாம். 2 மில்லிமீற்றர் தகடு. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் தொடங்கினேன். பின்னேரத்தில் கரண்ட் இறங்கினால் கம்பி ஒட்டிக்கொள்ளும், ஏறினால் ஓட்டை விழும். இரண்டு துண்டு வீணானபின் அண்ணையிடம் மிக் மெசினை (கம்பி தானாக வரும் வெல்டிங் மெசின்) இரவல் வாங்கினேன். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அங்கே, நடுவில் ஆற விடுவது. ஒரே இழுவையில் ஒட்டினால் சூட்டில் தகடு இழுத்து, மூன்று நாள் உழைப்பும் போய்விடும். மூடுவதற்கு முன் உள்ளே சிவப்பு ஒக்சைட் இரண்டு தரம் பூசினேன். அடியில் புதிதாக இரண்டு ஓட்டை. மூடியபின் மெழுகும் ஒயிலும் உருக்கிக் கலந்து அதற்குள்ளால் விசிறினேன். ஒட்டுக்குப் பக்கத்தில் பெயின்ற் எரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத இடம் அது.

ஆயத்தமாக அடித்த சேசிக் கால் இங்கிலாந்திலிருந்து வாங்கலாம். கப்பல் கூலியைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். வேடிக்கை என்னவென்றால், மைனர் தகடுகள் இலங்கையிலேயே அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போயிருக்கின்றன. திரும்பி வரத்தான் வழியில்லை.

போன ஞாயிறு ஆங்கிள் இரும்புகளை வெட்டி எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். சாத்தியது. மேலே இடைவெளி இருக்கிறது, பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத்தான். மாஸ்ரர் சிலிண்டருக்குப் புது ரப்பர் வந்தபின்தான் டோர்ஷன் பாரை ஏற்றலாம். முன்பக்க உயரத்தை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

கை சும்மா இருக்கவில்லை, இடது காலையும் தட்டிப் பார்த்தேன். ஐபோல்ற்றுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குச் சத்தம் மொத்தையாக வருகிறது. அங்கேயும் தார் பூசியிருக்கிறது. மாரி முடியட்டும்.