காசிமேட்டு லை

எழுத்து வடிவமைப்பு வகுப்பில் 'லை' வரையச் சொன்னார்கள். என் ஐகாரக் கொம்பு லகரத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறதென்று சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடுப்பில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனேன்.

ஒரு பழைய படகில் 'அலைமகள்'. அந்த லை, யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். பக்கத்துப் படகில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெயின்டர் அண்ணனிடம் கேட்டேன்.

"அப்பா கையப் பாத்துக் கத்துக்கினேன் நைனா. ஒரே இழுப்பு, பிரஷ்ஷ எடுக்கவே தேவயில்ல."

எழுதியும் காட்டினார். பட்டை பிரஷ் வளையும் இடத்தில் கோடு மெலிந்தது, இறங்கும்போது தடித்தது. நானோ கம்ப்யூட்டரில் எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் போட்டிருந்தேன். (சார் அதைக் கவனிக்கவில்லை, நல்லவேளை.)

ராத்திரி பழைய பேப்பரில் 20 லை போட்டேன். 19 வாத்து, ஒன்றே ஒன்று யானை.