ராமநாதபுரம் கரையில் ட்ரோன்: காற்று, மணல், உப்பு

ட்ரோன் வாங்குவதற்கு முன்னால் டிஜிட்டல் ஸ்கை என்ற மத்திய அரசின் இணையதளத்தில், எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தால் காட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் என்று இந்தக் கரை முழுக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. பச்சை காட்டும் இடத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். மஞ்சள் என்றால் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும், சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. நிறம் மாறக்கூடியது, அதனால் பறக்கவிடும் நாளிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். தனுஷ்கோடியில் யாரோ எடுத்த வீடியோ நமக்கு அனுமதி ஆகாது.

2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், பொழுதுபோக்காக ஓட்டும் மைக்ரோவுக்கும் பைலட் சான்று தேவையில்லை. மைக்ரோவை வைத்துச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் தேவை: வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகரித்த மையத்தில் பயிற்சி.

முதல் கட்டம் சிமுலேட்டர், அதாவது கணினித் திரையில் ட்ரோன் ஓட்டிப் பழகும் மென்பொருள். ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்திருக்கும்போது இடம் வலம் மாறிவிடும். அந்த நிலையில் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கக் கை பழகும் வரை வெளியே போக வேண்டாம். ஜிபிஎஸ் இல்லாத மோடிலும் ஓட்டிப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னல் விட்டுப்போனால் ட்ரோன் காற்றோடு போகும். அப்போது கைப்பழக்கம்தான் காப்பாற்றும்.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். தரையில் லேசாக இருப்பது 30 மீட்டர் உயரத்தில் வேறு வேகத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் ஆபத்து விளங்கும். ட்ரோனின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், காற்று 8 மீட்டர் என்று வையுங்கள். காற்றோடு 600 மீட்டர் போக அரை நிமிடம் போதும். திரும்பி வரும்போது நிகர வேகம் 2 மீட்டர்தான், ஐந்து நிமிடம் பிடிக்கும். பேட்டரி கடல்மேல் தீர்வது இப்படித்தான். எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது காற்றே தள்ளிவிடும். பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கும்போது ட்ரோன் தரையில் இருக்க வேண்டும்.

நீர்மட்டத்தை ஒட்டிப் பறப்பதும் வேண்டாம். அடிப்பக்கக் கேமரா அலையைத் தரையென்று நம்பி, அலை நகரும் பக்கமே நகரும். வள்ளத்திலிருந்து ஏற்றினால் ட்ரோன் தானாகத் திரும்ப வேண்டிய இடமான ஹோம் பாயிண்ட், ஏற்றிய இடத்திலேயே பதிவாகி நிற்கும், வள்ளமோ நகர்ந்துவிடும். தானாகத் திரும்பும் வசதியை அங்கே நம்பினால் ட்ரோன் வெறும் தண்ணீரில் இறங்கும்.

மணலில் நேராக வைத்து ஏற்றவே கூடாது. கரும்மணலில் உள்ள இரும்புத் துகள்கள் மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். சுழலும் இறக்கையைக் (புரொப்) கழற்றி மோட்டாரை விரலால் சுழற்றுங்கள், ‘கரகர’வென்று உரசினால் துகள் உள்ளே இருக்கிறது. காற்றடித்து ஊதினாலும் முழுக்க வராது. ஒட்டும் டேப்பின் முனையை உள்ளே விட்டு ஒற்றி எடுக்கலாம். தார்ப்பாய் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்து ஏற்றினால் இந்த வேலையே இல்லை.

உப்புக்கு அன்றைக்கே வைத்தியம் பார்க்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சியால் மோட்டார் சுற்றுப்புறம், பேட்டரி முனை, கேமராவைத் தாங்கும் கிம்பல் ஓரம் எல்லாவற்றையும் துடையுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம், பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். சொந்தமாகக் கட்டும் ட்ரோனில் சர்க்யூட் போர்டுக்கு ஈரம் புகாத பூச்சு அடிக்கும்போது, காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரின் துளையை மூடிவிடாதீர்கள், உயரக் கணக்கு கெட்டுப்போகும். கடலில் விழுந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக் கூடாது, தீப்பிடிக்கும்.

வேலைக்கு வந்தால், திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்க நெல் வயலில் மருந்து தெளிப்பது நல்ல தொடக்கம். 10 லிட்டர் டேங்க் ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு வரும். பயிருக்கு மேல் 2 முதல் 3 மீட்டர் உயரம், காற்று எழும்பாத காலை நேரம். பக்கத்து வயலில் முண்டு மிளகாய் நின்றால் எல்லையோர வரிசையை விட்டுவிட்டு அதைக் கைத்தெளிப்பானால் முடியுங்கள். இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பு. மருந்து கலக்கவும் கடைசியில் நாசிலை அலசவும் நல்ல தண்ணீரைக் கேனில் கொண்டுபோய்விடுங்கள்.