இயந்திரம் போட்ட கையெழுத்து: 680 வெள்ளியைத் திரும்ப வாங்கிய கதை

பணம் வந்துவிட்டது. முழுசாக, 680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அதனால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது. பணம் வருவதற்கு முன்னால் எழுத உட்கார்ந்திருந்தால் பாதி வரிகள் வெளியே சொல்லக்கூடியதாக இருந்திருக்காது.

பிரிட்டிஷ் ராக் பாடகர் ஒருவரின் சுயசரிதை. மச்சானுக்குப் பிறந்தநாள் பரிசாக, கோலாலம்பூர் விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கினேன். ‘பாடகரே தம் கையால் கையெழுத்திட்டது’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் என்னிடம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கூடவே தங்க நிற முத்திரை ஒட்டிய ஒரு சான்றிதழ். பாடகர் பெயரும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம்.

இது பாடகரின் கை இல்லை, கையெழுத்துப் போடும் ஆட்டோபென் இயந்திரத்தின் வேலை என்ற சந்தேகம் வந்தது விற்பனைப் பக்கத்தால்தான். வாங்கிய பிறகும் அங்கே அதே புத்தகம் விற்பனைக்கு இருந்தது, வேறொரு பிரதியின் படத்தோடு. அந்தக் கையெழுத்தில் குறுக்குக்கோடு ஒன்றின் நடுவே சின்னதாக ஒரு நெளிவு. என் பிரதியிலும் அதே இடத்தில் அதே நெளிவு. ஒரே ஆள் போட்டால் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். மச்சானும் அதைத்தான் கேட்டார். ‘ஒரே மாதிரி’ இருக்கும், ‘அதேதான்’ இருக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு தாளில் உங்கள் கையெழுத்தை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எங்கேயாவது விலகும்.

முதலில் லிட்டில் இந்தியாவில் தெரிந்த நகைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே கல் பார்க்கும் லூப், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடி, இருக்கும். அண்ணன் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “அச்சு இல்ல தம்பி. அச்சுன்னா புள்ளி புள்ளியாத் தெரியும். இது அசல் மைதான்” என்றார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. விற்பனையாளரும் பின்னால் இதையேதான் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஆனால் ஆட்டோபென் இயந்திரம் அச்சடிப்பதில்லை. அதன் கையில் நிஜப் பேனாவையே மாட்டுகிறார்கள், நாம் எழுதும் அதே பால்பாயின்ட் அல்லது மார்க்கர். முன்பு கையெழுத்தின் வடிவத்துக்கு வெட்டி வைத்த தகட்டைப் பின்பற்றி அந்தக் கை நகர்ந்தது. இப்போது கையெழுத்தைச் சேமித்து வைத்த கோப்பைப் பார்த்து நகர்கிறது. மை அசலாகத்தான் இருக்கும். அதனால் லூப்பில் பார்த்து அச்சா இல்லையா என்று சொல்லலாம், கையா இயந்திரமா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் தங்கத்தைப் பார்த்துப் பழகிய கண் சும்மா விடுமா? கண்ணிலிருந்து லூப்பை எடுக்காமலே அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: “ஆரம்பிச்ச இடத்துலயும் முடிச்ச இடத்துலயும் பொட்டு வச்ச மாதிரி இருக்கே, ஏன்?” நானும் பார்த்தேன். உண்மைதான். கையால் வேகமாக எழுதும்போது பேனா ஓடிக்கொண்டே தாளில் இறங்கும், ஓடிக்கொண்டே மேலே எழும்பும். கடைசிக் கோடு மெலிந்து மறையும். இயந்திரம் பேனாவை நேராக இறக்கி, அப்புறம்தான் நகர்த்தும். முடிந்ததும் நின்றுவிட்டுத் தூக்கும். அந்த இடத்தில் மை ஒரு சொட்டு கூடுதலாக இறங்கிவிடும். கோட்டின் தடிமனும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு. வளைவுகளில் மெல்லிய நடுக்கம். ஒரு எச்சரிக்கை: தடித்த மார்க்கரில் போட்டிருந்தால் தடிமனை நம்பாதீர்கள், மார்க்கர் யார் கையிலும் ஒரே தடிமனில்தான் எழுதும். என்னுடையதும் மார்க்கர்தான். அதனால் பொட்டு என் சந்தேகத்தைக் கூட்டியது, அவ்வளவுதான். பொட்டை மட்டும் காட்டி யாரும் காசைத் திருப்பித் தரமாட்டார்கள்.

காசைத் திருப்பித் தர வைப்பது இன்னொரு பிரதி. 2022 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புத்தக விவகாரத்தில் அதுதான் நடந்தது. சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் அவர் கையெழுத்திட்டது என்று 900 பிரதிகளைத் தலா 599 அமெரிக்க டாலருக்கு விற்றது. பதிப்பகத் தலைவரே கையெழுத்துப் போட்ட அத்தாட்சிக் கடிதமும் கூடவே வந்தது. வாங்கியவர்கள் தங்கள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், குட்டு உடைந்தது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைசுற்றல் நோயாலும் கொரோனா காலக் கட்டுப்பாடுகளாலும் இயந்திரத்தைப் பயன்படுத்தியதாக டிலனும் ஒப்புக்கொண்டார். வாங்கிய எல்லோரிடமும் அத்தாட்சி இருந்தது என்பதை மறக்காதீர்கள்.

நானும் என் பிரதிக்கு ஜோடி தேடினேன். அதே விற்பனையாளரிடம் வாங்கிக் கருத்து எழுதியிருந்த ஈப்போ அக்கா ஒருவர் பதில் போட்டார். அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படம் இதற்கு உதவாது. கொஞ்சம் சாய்ந்தாலே எழுத்து நீளும், குறுகும். பக்கத்தோடு ஓர் அளவுகோலையும் வைத்து ஸ்கேன் செய்யச் சொன்னேன். நானும் அப்படியே செய்தேன். கணினியில் ஒன்றைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கி மற்றதன்மேல் வைத்தபோது முதலில் பொருந்தவில்லை. அவருடையது கொஞ்சம் சரிந்து கிடந்தது. இயந்திரத்தில் தாளை வைக்கும் கோணம் மாறலாம் அல்லவா? மொத்தமாகத் திருப்பினேன். நெளிவின்மேல் நெளிவு, பொட்டின்மேல் பொட்டு, கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நிறமாக வைத்திருந்த கோடுகள் ஒரே கோடாகிவிட்டன.

பொருந்தினால் கதை முடிந்தது. பொருந்தாவிட்டால் கையால் போட்டது என்று அர்த்தமில்லை, இது முக்கியம். ஒருவருக்கே பல மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்றி வைப்பார்கள். இன்னும் இரண்டு மூன்று பிரதிகளைத் தேடுங்கள். அதேபோல, கையெழுத்துள்ள தாள் மட்டும் வேறு தாளாக, தனியாகச் சேர்த்ததாகத் தெரிந்தால் பதறவேண்டாம். பிரபலங்களுக்கு வெறும் தாள்களை அனுப்பிக் கையெழுத்து வாங்கிப் பிறகு புத்தகத்தில் சேர்ப்பது வழக்கமான வேலைதான்.

விற்பனையாளருக்கு எழுதினேன். முதல் பதில்: இதுவரை யாரும் புகார் செய்ததில்லை. அடுத்தது: இயந்திரமே என்றாலும் பாடகரின் அனுமதியோடு போட்டதுதானே. அதற்கடுத்ததுதான் மணி மணியானது: பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது. உறையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் கையெழுத்தை எப்படிப் பார்ப்பதாம்? அதற்குப் பதிலே இல்லை. பிறகு திடீரென்று இறங்கி வந்து, பட்டர்வொர்த்தில் இருக்கும் ‘கிளைக்கு’ நேரில் கொண்டு வந்தால் பரிசோதிக்கிறோம் என்றார்கள். அரைநாள் விடுப்புப் போட்டு, ஃபெரி ஏறி, அந்த வெயிலில் கடைவரிசையைத் தேடிக் கண்டுபிடித்தால், அது பார்சல் எடுக்கும் கடை. கவுன்டரில் இருந்த பையனுக்குப் புத்தகம் என்ற பேச்சே புதிது. “இங்க பார்சல் மட்டும்தான் அண்ணே” என்றான், பாவம். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வந்ததும், வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயம்தான் என்று முடிவெடுத்தேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். என் ரசீதில் இருந்ததோ ஒரு கவர்ச்சியான கடைப் பெயரும் வாட்சாப் எண்ணும். அந்தப் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. கை கொடுத்தது வங்கி ரசீது. டூயிட்நவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்பியபோது பெறுபவர் பெயராக ஒரு நிறுவனத்தின் பெயர் வந்திருந்தது. அதை நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுக் கட்டணம் கட்டித் தேடினால், பதிவு எண், முகவரி எல்லாம் வந்து விழுந்தது. அதனால் பணம் அனுப்பிய திரையைப் படம் பிடித்து வைக்காமல் விடாதீர்கள். விற்பனைப் பக்கத்தையும்தான். என் வழக்கு பதிவான கொஞ்ச நாளில் ‘தம் கையால்’ என்ற வார்த்தை அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போயிற்று. விலை மட்டும் அப்படியே இருக்கிறது.

படிவம் நிரப்பியது, பதிவுத் தபாலில் அனுப்பியது எல்லாம் சுலபம். விசாரணைக்குச் சில நாள் முன்னால் விற்பனையாளரே அழைத்தார். குரலில் தேன். வழக்கை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், பணம் அந்த வாரமே வரும் என்றார். மறுத்துவிட்டேன். உங்களுக்கும் அப்படி அழைப்பு வந்தால், சமரசத்தைத் தீர்ப்பாயத்தின் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிவானால் அது தீர்ப்புக்குச் சமம். 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் குற்றம். வாட்சாப் வாக்குறுதிக்கு அந்த வலு கிடையாது.

கணினித் திரையை நம்பிப் போக எனக்கு மனமில்லை. இரண்டு கையெழுத்தையும் பழைய ஓஎச்பி தாளில், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், நகல் எடுக்க நினைத்தேன். முதல் நகல் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், மெஷினில் உருகி ஒட்டிக்கொள்ளுமாம். லேசர் அச்சுக்கு ஏற்ற தாள் தனியாக இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ஒன்றைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் எடுத்தேன்.

விசாரணையில் விற்பனையாளரின் ஆள் தங்க முத்திரைச் சான்றிதழை நீட்டினார். அதை வழங்கியது யார் என்று தீர்ப்பாயத் தலைவர் கேட்டார். அவர்கள் நிறுவனமேதான்! நான் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து, சிவப்பின்மேல் நீலத்தை நகர்த்தினேன். தலைவர் தாமே வாங்கி ஒருமுறை நகர்த்திப் பார்த்தார். அந்த ஆள் பக்கத்து அறையில் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, முழுத்தொகையையும் தருவதாக ஒப்புக்கொண்டார். புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் செலவு அவர்களுடையது என்பதையும் சேர்த்து எழுத வைத்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் அதையும் என் தலையில் கட்டியிருப்பார்கள்.

ஈப்போ அக்காவும் இப்போது வழக்குப் போட்டிருக்கிறார். அந்த ஓஎச்பி தாள்களை அவருக்குத் தபாலில் அனுப்பியாயிற்று. மச்சானுக்கு என்ன வாங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை. கிட்டார் கம்பி போதும் என்கிறார்.