7 மி.மீ. தடிப்பும் ஒரு மாதக் காத்திருப்பும்

முடக்குவாதத்துக்கு மாத்திரைகள் போதாமல் போனபோது, அடாலிமுமாப் ஊசிக்கு மாறலாம் என்றார் டாக்டர். மறுநாளே ஊசியைப் போட்டுக்கொள்ளும் அவசரத்தில் நான் இருந்தேன். அவர் நீட்டியதோ டிபி பரிசோதனைச் சீட்டு. எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை.

"எனக்கு எதுக்கு டாக்டர் இது?"

"டிபி இருக்கான்னு பாக்கல. கிருமி உள்ள தூங்கிட்டிருக்கான்னு பாக்கணும்."

உலகில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குக் காசநோய்க் கிருமியின் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது கணிப்பு. அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாகக் கிளம்பும். மற்றவர்களுக்கு எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சுற்றி வேலி போட்டு அடைத்து வைத்துவிடும். அந்த வேலி நிற்க உதவுவது டி.என்.எஃப். என்கிற புரதம். என் மூட்டுகளை வீங்க வைப்பதும் அதே புரதம்தான். ஊசி அதை அடக்கினால் மூட்டு தேறும், வேலியோ தளரும். அதனால்தான் ஊசிக்கு முன் இந்தச் சோதனை.

ரத்தம் எடுப்பதற்கு முன் கேள்விகள் வந்தன. வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா? மருத்துவமனை, சிறை, விடுதி மாதிரி இடங்களில் வேலை பார்த்ததுண்டா? சர்க்கரை நோய்? சிறுநீரகக் கோளாறு? எச்.ஐ.வி. பரிசோதனை செய்திருக்கிறீர்களா? கல் உடைக்கும் தூசியில் வேலை செய்தீர்களா? சிறு வயதில் எங்களோடு ஒரே அறையில் படுத்திருந்த சித்தப்பா மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னதும் டாக்டர் அதைக் கோடிட்டு எழுதிக்கொண்டார். ஆபத்து குறைவாக உள்ள எல்லோரையும் பிடித்துச் சோதித்தால் பொய்யான பாசிட்டிவ்களே அதிகம் வரும், தேவையில்லாத மாத்திரைகளும் கூடவே வரும் என்றார். யாரைச் சோதிப்பது என்பதை இந்தக் கேள்விகள்தான் முடிவு செய்கின்றன.

முதலில் குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை. முடிவில் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. 'தீர்மானிக்க முடியவில்லை' என்று வந்தது. பாசிட்டிவ் இல்லாததால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டாக்டருக்கு இல்லை. இந்தச் சோதனையில் ஒரு குழாயில் யாருடைய ரத்த அணுக்களையும் தட்டி எழுப்பக்கூடிய பொருள் ஒன்று இருக்கும். என் அணுக்கள் அதற்கே அசையவில்லை. எழுந்திருக்கவே சோம்பல்படும் அணுக்கள் டிபி கிருமியை அடையாளம் காட்டவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம் என்றார்.

மறுபடி ரத்தம் கொடுத்தேன். அதை எடுத்த கையோடு தோலில் போட்டுப் பார்க்கும் டிபி சோதனையான மாண்டூ ஊசியும் போட்டார்கள். இந்த வரிசை மாறக்கூடாதாம். மாண்டூ முந்திக்கொண்டால் பிறகு எடுக்கும் ரத்தத்தின் முடிவை அது பாதிக்கலாம். முன்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. மருந்து, சின்னக் கொப்புளம் எழும்பி அடங்கியது. 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் போய்க் காட்ட வேண்டும். நடுவில் விடுமுறை வராத நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்வது நல்லது.

காட்டப் போனபோது கையில் நல்ல சிவப்பு. செவிலியர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விரலால் தடவித் தடிப்பு முடியும் இடத்தைப் பிடித்து, பேனாவால் இரண்டு பக்கமும் குறி வைத்து, கையின் குறுக்கே அளந்தார். 7 மி.மீ.

"15 தாண்டினாத்தானே பாசிட்டிவ்?" எங்கோ படித்ததை டாக்டரிடம் ஒப்பித்தேன்.

"எந்த ஆபத்தும் இல்லாதவங்களுக்கு 15. சர்க்கரை மாதிரி வேற பிரச்சினை இருந்தா 10. எதிர்ப்புச் சக்தியை அடக்கற மருந்து எடுக்கற உங்களுக்கு 5 போதும்."

டிபி தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டதால் வந்திருக்குமோ என்று கடைசியாக ஒரு வாதம் வைத்தேன். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யின் தாக்கம் இத்தனை வருஷத்தில் பெரும்பாலும் மங்கியிருக்கும் என்றார். இரண்டாவது ரத்த முடிவும் பாசிட்டிவாக வர, என் வாதம் அடங்கியது. பி.சி.ஜி. கிருமியில் இல்லாத புரதங்களை வைத்துச் செய்யும் சோதனை அது.

அடுத்து மார்பு எக்ஸ்ரே. இதைத் தவிர்க்கவே முடியாது. தூங்கும் கிருமிக்கு ஒரே ஒரு மருந்து போதும். கிளம்பிவிட்ட நோய்க்கு அந்த ஒற்றை மருந்தைக் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். தோல், ரத்தச் சோதனைகளால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. நோயாகக் கிளம்பாதவரை மற்றவர்களுக்குத் தொற்றாது என்பதால் வீட்டில் தனித் தட்டு, தனி அறை என்ற பேச்சும் அன்றோடு நின்றது.

மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் இழுபறி. ரிஃபாம்பிசின் என்றால் 4 மாதத்தில் முடியும்; ஆனால் அது ஸ்டீராய்டின் வேலையைக் குறைத்துவிடும். அதனால் தினமும் ஐசோனியாசிட், கை கால் மரத்துப் போகாமலிருக்கக் கூடவே வைட்டமின் பி6. முடக்குவாதத்துக்காக நான் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் படுத்தக்கூடியது என்பதால் மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை, மது கூடாது. குமட்டலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழிந்த பிறகுதான் அடாலிமுமாப் கைக்கு வந்தது. மாண்டூவை இனி திரும்பப் போட வேண்டாம், சிகிச்சை முடிந்தாலும் பாசிட்டிவாகவே காட்டும் என்று சொல்லி, முடிவையும் மாத்திரை விவரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். வேறு டாக்டரிடம் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.