பழனிப் பாதையில் சைக்கிள் சாமிகளுக்கு

தைப்பூசம் நெருங்கினால் குன்றக்குடியிலிருந்து பழனி வரை சாலையே அன்ன சத்திரமாகிவிடும். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக ஏறத்தாழ 150 கி.மீ. சைக்கிளுக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மிதித்து முடித்தால் இந்த ஊர்க்காரர்களின் அன்பைப் பார்க்காமலே போய்விடுவீர்கள்.

அன்னதானப் பந்தல்களில் அடுப்பு எரிவது பாதயாத்திரை நடப்பவர்களின் நேரத்துக்கு. அவர்கள் பின்னிரவில் கிளம்பி, வெயில் ஏறியதும் படுத்துவிடுவார்கள். நீங்கள் விடிந்த பிறகு கிளம்பினால் எட்டு மணிவாக்கில் பொங்கல் சூடாகக் கிடைக்கும். மதியம் இரண்டுக்கு மேல் அண்டா கழுவியாகிவிடும். இருட்டில் சைக்கிள் ஓட்டவே வேண்டாம். சாலையோரம் முழுக்க நடக்கும் கூட்டம்.

"சாமி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பத்து இடத்திலாவது கை காட்டுவார்கள். மறுக்க மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். சோறு ஒரு பந்தலில் போதும். மற்ற இடங்களில் நீர்மோரோ சுக்குக் காபியோ வாங்கிக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட மோர் வியர்வையில் போனதை ஈடுகட்டும். வயிறு நிறையத் தின்றுவிட்டு மிதித்தால் குமட்டும். இலையில் விழுமுன்பே "போதும்" சொல்லிவிடுங்கள். மண்டபங்களில் கால் தேய்க்க வைத்திருக்கும் எண்ணெயும் வெந்நீரும் முதலில் கொப்புளக் காலோடு வருகிறவர்களுக்கு.

நத்தம் தாண்டி, இடப்பக்கம் சிறுமலை துணைவர, கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாகப் போகும்போது பஞ்சர் பயம் உண்டு. காரணம் சீமைக்கருவேல முள். ஊர்க் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்த பிறகே ஒட்டுப் போடுவார். அவசரப்படுத்தாதீர்கள், ஈரமாக ஒட்டினால் அடுத்த ஊருக்குள் பிரிந்துவிடும். டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முனை ஒடிந்த முள் உள்ளேயே இருந்தால் புது டியூபும் போகும். கடையில் இருப்பது சாதா சைக்கிளின் 28 அங்குல டியூப். அதன் தடித்த வால்வு, பிரெஸ்டா என்னும் மெல்லிய வால்வுக்குத் துளைத்த ரிம்மில் நுழையாது. பிரெஸ்டா வால்வுச் சைக்கிள் என்றால் உங்கள் டியூப் இரண்டும் பம்புக்கான அடாப்டரும் கட்டாயம். கழுத்து மாலையைப் பார்த்துப் பல கடைக்காரர்கள் காசு வாங்க மாட்டார்கள். வற்புறுத்தாமல், அடுத்த பந்தலில் அந்தப் பணத்துக்கு அரிசியோ சர்க்கரையோ வாங்கிக் கொடுங்கள்.

திண்டுக்கல் பக்கம் இரவு தங்க, பொழுது சாயுமுன் கோயில்காரரிடம் கேட்டுவிடுங்கள். சைக்கிளை மண்டபத்துக்குள் ஏற்றாதீர்கள், செயின் மசகு தூணிலும் பாயிலும் ஒட்டும். தைப் பனிக்குச் சீட்டைப் பாலித்தீன் பையால் மூடுங்கள்.

மறுநாள் ஆயக்குடியில் கொய்யா வாங்கிக்கொண்டால் பழனி எட்டிவிடும் தூரம். சைக்கிளைப் பூட்டித் தங்குமிடத்திலேயே வையுங்கள், செல்போனையும்தான். மலைக்கோயிலில் அதற்கு அனுமதியில்லை. மிதித்த தொடைக்குப் படிக்கட்டு கடினம். சாய்வாக ஏறும் யானைப் பாதையில் அரோகரா சொல்லிக்கொண்டே ஏறுங்கள், மூச்சும் அதற்கேற்ப நிதானப்படும்.