போர்க்களம்னு நெனச்சு பாத்த படம்

வாஷிங்டன்ல ரெண்டு நாள் சுத்தி கால் ஓஞ்சு போச்சு, மூணாம் நாள் மார்க் ட்ரெயின் புடிச்சு பால்டிமோர் போயிட்டேன், ஒரு மணி நேரம்தான். பென் ஸ்டேஷன்ல இறங்கி சார்ல்ஸ் ஸ்ட்ரீட்டோடயே தெக்கால நடந்தா பெரிய தூண் ஒண்ணு வரும், உச்சில ஜார்ஜ் வாஷிங்டன் நிக்கிறாரு, அதைத் தாண்டுனா வால்டர்ஸ் மியூசியம். டிக்கெட் கிடையாது. உண்மையைச் சொல்லணும்னா நான் உள்ள போனது ஏசிக்காகத்தான்.

சும்மா ஒவ்வொரு ரூமா தாண்டிட்டு இருந்தவன் ஒரு படத்துக்கிட்ட நின்னுட்டேன். டெலாக்ருவான்னு ஒரு பிரெஞ்சு ஓவியர் வரைஞ்சது. குதிரையும் குதிரையும் மோதி, முன்னங்கால் அந்தரத்துல, மேல இருக்கவன் எப்போ விழுவான்னு சொல்ல முடியாது. படம் ஒண்ணும் பெருசில்ல, அகலம் ஒரு மீட்டர்தான் இருக்கும். சரி, அரபுக்காரங்க, குதிரை, புழுதி, அப்போ போர்தானேன்னு நானே முடிவு பண்ணிட்டு, எதிரி எங்கடான்னு தேடுறேன், ஆளையே காணோம்! அப்புறம்தான் படத்தோட பேரைப் பாத்தேன், மூர் குதிரைவீரர்களின் மோதல். மூர்னா வட ஆப்பிரிக்கா முஸ்லிம்கள்.

விஷயம் என்னன்னா இது போரே இல்ல, பயிற்சி. 1830ல பிரான்ஸ் அல்ஜீரியாவோட அல்ஜியர்ஸ் நகரத்தைப் புடிச்சதும் பக்கத்துல இருந்த மொராக்கோ சுல்தான்கிட்ட பேச 1832ல ஒரு தூதுக்குழு போச்சு, அதுல ஓவியரா ஒட்டிக்கிட்டுப் போனவர்தான் டெலாக்ருவா. மொராக்கோல டாஞ்சியர்லேர்ந்து மெக்னெஸ் ஊருக்குப் போற வழியெல்லாம் இவங்களை வரவேற்க குதிரைக்காரங்க விளையாடிக் காட்டிருக்காங்க. முழு வேகத்துல ஓட்டிட்டு வந்து துப்பாக்கியை வெடிச்சு டக்குனு நிறுத்தணும். சில நேரம் குதிரை நிக்காது, பக்கத்துக் குதிரை மேல போய் மோதி அதுங்களுக்குள்ள கடிச்சுக்கும். அந்த நிமிஷத்தைத்தான் மனுஷன் நோட்டுல கிறுக்கிட்டு வந்து பாரிஸ்ல பதினோரு பன்னெண்டு வருஷம் கழிச்சு, 1843-44 வாக்குல, இப்படி வரைஞ்சிருக்காரு. விபத்துங்க இது! அரபுன்னாலே சண்டைன்னு அந்தக் காலத்து பாரிஸ்காரன் நெனச்ச மாதிரியேதான் நானும் நெனச்சிருக்கேன்.

குதிரையோட வாயைப் பாக்கலாம்னு கிட்ட போனேன், கார்டு கையை ஆட்டி பின்னால போகச் சொல்லிட்டாரு. கிட்டத்துல வெறும் பெயிண்ட் தீத்தல்தான், நாலடி தள்ளி வந்தாத்தான் குதிரை மூச்சு விடுது.

திரும்பி வர்ற ட்ரெயின்ல ஃபோன்ல தேடுனா மொராக்கோல இந்தக் குதிரை விளையாட்டு இன்னும் நடக்குதாம், தபூரிதான்னு பேரு, 2021ல யுனெஸ்கோவோட பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. வரிசையா ஓடி வந்து அத்தனை துப்பாக்கியும் ஒரே சத்தமா வெடிக்கணும், தனியா ஒண்ணு கேட்டா அந்த ஆட்டம் போச்சு. ஒரு வீடியோல வெடிச்சு புகை கலைஞ்சதும் எல்லாக் குதிரையும் வரிசையா நிக்குது, ஓரத்துல ஒண்ணு மட்டும் நிக்கவே இல்ல, பக்கத்துல இருந்ததை இடிச்சுத் தள்ளிட்டு கேமராவை விட்டே ஓடிருச்சு.