டேப்பும் கையுமாக

ஆத்தங்குடித் தரைக்கல்லை ஆசிட் விட்டுக் கழுவலாமா என்று யாராவது கேட்டிருந்தால் கூடவே கூடாது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வீடு, கூடத்துக்கு மட்டும் 220 சதுர அடி. பதித்து முடித்த கொத்தனார், மேலே சிந்திக் காய்ந்திருந்த சிமெண்டைப் போக்க வழக்கமாகச் செய்வதைச் செய்துவிட்டார். மறுநாள் நான் சைட்டுக்குப் போனபோது சிவப்பும் மஞ்சளும் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துக் கிடந்தன. தடவிப் பார்த்தால் விரலில் மாவு ஒட்டியது.

அவர் மேல் தப்பில்லை. அவர் கை பழகியதெல்லாம் சூளையில் சுட்ட டைல்ஸ். ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்க்காதது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். மேற்புறப் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சிமெண்டைத் தின்னத்தானே ஆசிட் ஊற்றுவது? கல்லே சிமெண்ட் என்றால் அதையும் சேர்த்துத்தான் தின்னும். இத்தனையையும் ஆத்தங்குடிப் பட்டறையில் நின்று கண்ணால் பார்த்தவள் நான். நூறு படத்துக்கு மேல் எடுத்திருந்தேன். கொத்தனாரிடம் சொல்ல மட்டும் தோன்றவில்லை. மறுபடி கல் வாங்கிய செலவு என் கையைக் கடித்தது.

கோவையில் இன்டீரியர் வேலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. பாலி போய்விட்டு வருகிறவர்கள், துருக்கி போய்விட்டு வருகிறவர்கள் எல்லாரும் போனை நீட்டி, "இதே மாதிரி வேணுங்க" என்பார்கள். சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். கல் வெளுத்த பிறகுதான் பையில் டேப் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பேரூர்க் கோயில் மண்டபத்தில் தூணைச் சுற்றி டேப் பிடித்ததற்கு என் வீட்டுக்காரர் முறைத்தார். அது வேறு கதை.

ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் கொறங்காடு, மாடு மேய விட்ட நிலம். கிளுவை வேலிக்குள்ளே காய்ந்த கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நிழலுக்கு ஒண்டி நின்ற மாடுகள். இலை உதிர்ந்த கிளுவையின் அந்தச் சாம்பல் கலந்த பழுப்பை எந்த ஷேட் கார்டிலும் தேடி எடுக்க முடியாது. சற்றுத் தள்ளி, நடுவில் திறந்த முற்றம் வைத்த ஒரு தொட்டிக்கட்டு வீடு. எட்டிப் பார்த்ததற்கு, "வாங்க அம்மணி, மோர் குடிக்கிறீங்களா?" என்று ஒரு ஆத்தா கூப்பிட்டார்.

மோரைக் குடித்துவிட்டுத் திண்ணையை அளந்தேன். உயரம் 16 அங்குலம், அகலம் மூன்றரை அடி. ஒரு கோடியில் தலையணை மாதிரி சரிவாகக் காரை பூசியிருந்தார்கள். படுத்துப் பார்த்தேன். கழுத்துக்கு அப்படி ஒரு பாந்தம்.

"வீட்டை வெலைக்குக் கேக்கறீங்களா அம்மணி?"

இல்லைங்க, திண்ணை ஒரு பக்கம் சாய்வாக இருக்கிற மாதிரி தெரிகிறதே என்றேன். அவர் பேசவில்லை. சொம்புத் தண்ணீரைத் திண்ணையின் சுவரோரம் ஊற்றினார். தண்ணீர் தயங்காமல் வெளிப்பக்கம் ஓடி வாசலில் சொட்டியது. சுவரோரம் ஒரு துளி தங்கவில்லை. "சாரலடிச்சா ஊட்டுக்குள்ள வரப்படாதில்லீங்களா?" மட்டம் வைத்துப் பார்த்தால் மூன்றரை அடிக்கு அரை அங்குலம் வாட்டம். உட்கார்ந்தால் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அதுவரை நான் பால்கனிகளில் போட்ட பெஞ்சுகளெல்லாம் அச்சாக மட்டம். மழை பெய்தால் குஷன் ஊறி நாறும் என்று வாடிக்கையாளர்கள் சொன்னபோதெல்லாம் குஷன் துணியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டின் மேற்குச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரே ஒரு சாளரம், அதுவும் உயரத்தில். காரணத்தை ஆத்தாவிடம் கேட்க வேண்டியதில்லை, நான் இந்த ஊர்க்காரி. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் விட்டுப்போய்க் கணவாயாகக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, அந்த வழியே புகுந்து அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதை நம்பித்தான். இதெல்லாம் தெரிந்திருந்தும், கடலோர ஓட்டல் ஒன்றில் பார்த்த மயக்கத்தில், பல்லடத்து வீடு ஒன்றுக்கு மேற்கே எட்டடி ஸ்லைடிங் ஜன்னல் வைத்தவள்தான் நான். ஆடி முடிகிறவரை அந்த வீட்டம்மா அதைத் திறக்கவே இல்லையாம். மூடி வைத்தும் சந்து வழியே வந்த புழுதியைக் கூட்டி மாளவில்லையாம். போன் பண்ணும்போதெல்லாம் காற்று எப்படிங்க என்று நான் கேட்பதில்லை.

பவானிக்குப் போனது ஜமுக்காளத்துக்காக. 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆனால் நம் ஊரில் அதற்கு மரியாதை இல்லை. ஹாலில் விரிக்கலாமா என்று கேட்டால், "கல்யாண மண்டபத்துல போடறதுங்களா?" என்று முகம் சுளிப்பார்கள். நான் வாங்கப் போனது ஒரு ஆபீஸ் சுவருக்கு. அளவாக வெட்டி, பசை போட்டு, பேனலில் ஒட்டுவதாகத் திட்டம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நெய்திருந்த பாகத்தின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். மேலே எப்படியோ அடியிலும் அப்படியே. "ரெண்டு மொகமும் ஒண்ணுங்க. ஒரு பக்கம் அழுக்கானா திருப்பிப் போடறதுக்கு. ஒட்டிப்போட்டா பாதி வேலை வீண்தானுங்களே."

ஒட்டவில்லை. மேலே ஒரு மரக்கட்டை, கீழே ஒரு மரக்கட்டை, நடுவில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். வருஷத்துக்கு ஒருமுறை திருப்பி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆபீசில் நான் செய்த எந்த வேலையும் நிலைக்கவில்லை, ஃபால்ஸ் சீலிங் உட்பட. அது மட்டும் இருக்கிறது.

இந்த மாதிரி விஷயங்களுக்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டும் என்றுகூட இல்லை. கோவையின் பழைய மில் கூரைகள் ரம்பப் பல் மாதிரி மேலே ஏறி இறங்குவதைப் பஸ்ஸிலிருந்து சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். பல்லின் செங்குத்துப் பக்கம் கண்ணாடி, அது வடக்கு பார்த்திருக்கும். நேர்வெயில் படாமல் நாள் முழுக்க ஒரே வெளிச்சம், நூல் அறுந்தால் கண்ணுக்குப் படும். இது மண்டையில் ஏற எனக்கு முப்பத்தைந்து வயசு ஆனது. இப்போது லேமினேட், வெனீர் சாம்பிள் எல்லாம் என் ஆபீசின் வடக்கு ஜன்னல் ஓரம்தான் காட்டுகிறேன். "கடையில பார்த்த கலர் வீட்டுல வேற மாதிரி இருக்குதுங்க" என்ற புகார் பாதியாகக் குறைந்துவிட்டது.

திண்ணையை இதுவரை மூன்று வீடுகளில் போட்டிருக்கிறேன். அதே 16 அங்குலம், பால்கனி என்றால் அதே வாட்டம், ஒரு கோடியில் தலைச்சரிவு. சரவணம்பட்டியில் ஒரு ஃபிளாட்டில் வீட்டுக்காரரின் அப்பா மத்தியானம் அதில்தான் தூங்குகிறார். ரிமோட் வைத்த சோபா காலியாகக் கிடக்கிறதாம்.

போன தையில் அந்த ஆத்தா வீட்டுப் பக்கம் மறுபடி போனேன். என்னை ஞாபகம் இருந்தது, "திண்ணை அம்மணி" என்றார். தூணுக்கு விலை பேச ஆள் வந்து போனதாகச் சொன்னார்.

"தூணை எடுத்துட்டா ஓடு எது மேல நிக்கும்னு கேட்டேன். இரும்புப் பைப்பு நிறுத்தித் தர்றோம்னாங்க. அப்புடி எதுக்குங்க அம்மணி இந்தத் தூணு அவிங்களுக்கு? ஊடு கட்டறாங்களா?"

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் நான் பேரம் பேசி வாங்கிய இரண்டு தேக்குத் தூண்கள் அதே சரவணம்பட்டி ஃபிளாட்டில் நிற்கின்றன. மேலே கான்கிரீட் தளம், அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங். தூண் ஓர் அங்குலம் குறைந்ததால் இடைவெளியில் பிளைவுட் துண்டைச் செருகி பாலிஷ் போட்டோம்.

இன்னொரு சொம்பு மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.